பூப்போட்ட பேசின்

என் அப்பாவை ஊரறிய யூதாசாக உட்கார வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. தெருவில் ஒரு வீடு விடாமல் ஓடிப்போய், பெரிய வியாழனன்று எங்க அப்பாவும் பெஞ்சில் உட்காரப்போகிறார், சாமியார் எங்க அப்பா காலையும் கழுவப்போகிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தரும் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. பொறாமை பிடித்த ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வலங்கைமானுக்குத் தெற்கே வயலுக்கு நடுவில் இருக்கும் ஊர் எங்களுடையது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மாதா கோயில், சாமியார் பங்களா, ஊர் நிலத்தையெல்லாம் வைத்திருந்த பெரிய வீடு. அந்தப் பக்கம் எங்கள் தெரு, இருபத்தாறு கூரை வீடுகள். இரண்டு பக்கமும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். ஆனால் கோயிலுக்குள் போனால் அவர்களுக்குப் பீடத்துக்கு நேர் எதிரே இடம், எங்களுக்கு இடது பக்கம் நீட்டிக் கட்டிய சிறகு. ஞானஸ்நானத் தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி வருவதற்குள் பாதி வற்றிப்போய்விடும் போலிருக்கிறது.

பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் கடைசி இராவுணவின்போது சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவுவார். எல்லாக் கோயிலிலும் நடப்பதுதான். எங்கள் ஊரில் மட்டும் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொரு சீடரின் பெயர் சொல்லி உட்கார வைப்பார்கள். முதல் இடம் இராயப்பருக்கு. பேதுருவை அப்போதெல்லாம் இராயப்பர் என்றுதான் சொல்வோம். அந்த இடம் பெரிய வீட்டுக்காரருக்குப் பரம்பரைப் பாத்தியதை. கடைசி இடம் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு. அதில் உட்கார எவன் சம்மதிப்பான்? வருஷா வருஷம் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தரைக் கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். எங்களுக்கும் இடம் கொடுத்த மாதிரி ஆச்சு, யூதாசுக்கும் ஆள் கிடைத்த மாதிரி ஆச்சு. கல்லறைக் குழி வெட்டும் கிழவர் ஒருவர் ரொம்ப நாளாக அந்த இடத்தில் உட்கார்ந்துவந்தார். ஆளுக்கு ஒரு ரொட்டியும் புதுத் துண்டும் கொடுப்பார்கள். அதற்காகத்தான் உட்காருகிறேன் என்று அவரே சொல்வார்.

பதினோரு பேரின் காலையும் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி, துடைத்து, சாமியார் குனிந்து முத்தம் கொடுப்பார். பன்னிரண்டாவது ஆளிடம் வந்ததும், சாமியாருக்கு ஒத்தாசையாக வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தாம்பாளத்தை நகர்த்திவிட்டு வேறொரு பாத்திரம் கொண்டுவந்து வைப்பார். வெள்ளை எனாமல் பேசின், விளிம்பில் நீலக் கோடு, உள்ளே அடியில் சிவப்பு ரோஜாப்பூ. தண்ணீர் ஊற்றினால் அந்தப் பூ அசையும். முந்தின வருஷம் எக்கி எக்கிப் பார்த்து நான் அதில் மயங்கிப்போயிருந்தேன். அந்தக் காலுக்கு முத்தம் கிடையாது என்பதை நான் கவனிக்கவேயில்லை. பதினோரு பேருக்குச் சேர்த்து ஒரே பழைய தாம்பாளம், எங்கள் தெரு ஆளுக்கு மட்டும் தனியாகப் பூப்போட்ட பேசின். எங்களுக்குத்தான் மரியாதை அதிகம் என்று முடிவுகட்டியிருந்தேன்.

கிழவர் அந்த வருஷம் மார்கழிப் பனியில் செத்துப்போனார். அவர் இடத்துக்கு என் அப்பாவைப் பிடித்தார்களே, அது சும்மா இல்லை.

புது ஆட்சி வந்து, ஊருக்கு ஊர் கறுப்புச் சிவப்புக் கொடி பறந்த காலம் அது. அப்பா பூசைக்கும் போவார், வலங்கைமானில் மைக் கட்டிக் கூட்டம் போட்டால் அதற்கும் போவார். கடவுள் இல்லை என்று பேசும்போது பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவாராம். மனுஷனுக்கு மனுஷன் குனியக் கூடாது என்று ஆரம்பித்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வாராம். கூட்டம் கேட்டுக் கேட்டு, பெரிய வீட்டுக்காரரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை நிறுத்தி 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்தார். துண்டை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றினார். அந்தத் தை அறுவடையில் கூலி உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று தெருவையே களத்து மேட்டில் உட்கார வைத்தார். ஆறு நாள் கதிர் சாய்ந்து கிடந்தது. ஏழாம் நாள் பெரிய வீடு இறங்கி வந்தது.

அதற்குள், குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று அரசாங்கத்தில் புதுச் சட்டம் போட்டார்கள். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அப்பா ஒருத்தர்தான். இருபத்தாறு வீட்டுப் பேரையும் எழுதி, பட்டா கேட்டு மனு போட்டார். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு திருநாள் முடிந்ததும் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது. அந்த விசாரணையில் பெரிய வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது குடியிருப்பு இல்லை, என் களத்து மேடு, காவலுக்குக் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னேன் என்று. பட்டா அதோடு போச்சு.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்து உபதேசியார் பன்னிரண்டு பேரின் பட்டியலை வாசித்தார். கடைசிப் பெயர் என் அப்பாவுடையது. அன்று சாயங்காலமே உபதேசியார் எங்கள் தெருவுக்கும் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கையில் குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஒரு நா கூத்துப்பா. கால நீட்டிட்டு வந்துடு. பெரியவரு மனசு குளுந்துடும். இன்ஸ்பெக்டர் வந்தா வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. இருவத்தாறு குடும்பத்துக்கு நல்லது நடக்குதுன்னா நீ ஒருத்தன் யூதாசா உக்காந்தா என்ன கொறஞ்சுபோவ?"

அப்பாவுக்கு மூத்தவளான என் அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அத்தை முறத்தைக் கீழே வைத்தால் தெருவே காது கொடுக்கும்.

"ஏங்க உபதேசியாரே, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க வாசிச்சுத்தான் கேட்டுருக்கேன். ஆண்டவரு அப்பத்தத் தோச்சு யூதாசு கையில குடுத்தாருன்னு நீங்கதான வாசிச்சீங்க? கையில குடுக்கணும்னா கைக்கு எட்டுற தூரத்துல உக்காந்துருக்கணுமா இல்லியா? பக்கத்துல உக்காந்தவன நீங்க எதுக்குக் கடைசியில கொண்டாந்து உக்கார வச்சீங்க? வாய்க்காலுக்குத்தான் கடைமடைன்னு ஒண்ணு. கோயிலுக்குமா?"

"பொம்பள வேதம் பேசக் கூடாது," என்றார் உபதேசியார்.

"ஆம்பள பேசித்தான் இந்த லட்சணத்துல இருக்கு."

அவர் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வீட்டுக்குள் சண்டை. உட்காரவே கூடாது என்றாள் அத்தை. அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "உக்காருங்க. மானம் போனா நாலு நாள்ல மறந்துடும். மனை போனா இந்தப் புள்ளய வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போய் நிக்கிறது?" அம்மாவைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது. அவள் பிறந்த ஊரில் இதே மாதிரி ஒரு மனைத் தகராறில் அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள். அப்பா இரண்டு பேருக்கும் பொதுவாக, "உக்கார்றேன்," என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் குளத்துப் படியில் அப்பாவின் காலைத் தேய்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பூப்போட்ட பேசினுக்கு ஏற்ற காலாக இருக்க வேண்டாமா? செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்தேய் என்று தேய்த்தேன். வெடிப்புக்குள் எத்தனையோ நடவுச் சேறு கறுப்புக் கோடாக உறைந்து கிடந்தது. விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறிய தழும்பு. எவ்வளவு தேய்த்தும் கோடு போகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "விடும்மா, அது போகாது. நெல்லு வெளஞ்ச சேறு, ஆண்டவருக்குத் தெரியும்," என்று அப்பா சிரித்தார். நான் விடவில்லை. கடைசியில் வேப்பெண்ணெய் தடவி மினுமினுப்பாக்கினேன்.

பொழுது சாயும் நேரத்தில் பூசை. கோயில் கொள்ளாத கூட்டம். எங்கள் தெரு மொத்தமும் இடது சிறகில் நெருக்கிக்கொண்டு நின்றது. அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நடுவில் நான். அப்பா வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாகப் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பதினோராவது ஆளுக்கும் நடுவில் இன்னொருத்தர் தாராளமாக உட்காரலாம், அவ்வளவு இடைவெளி.

சாமியார் வயசானவர், மூட்டு வலிக்காரர். கோயில் ஓடு மாற்றப் பெரிய வீட்டை நம்பியிருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். சுவிசேஷம் வாசித்தார். ஆண்டவர் எழுந்து மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தன்னைக் காட்டிக்கொடுக்கப்போகிறவன் எவன் என்று தெரிந்தே எல்லார் காலையும் கழுவிய அந்தப் பகுதி. பிரசங்கத்தில் ஆண்டவருடைய இரக்கத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அப்புறம் அவரும் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டி போட்டார். பெரிய வீட்டுக்காரரின் காலில் ஆரம்பித்து ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு, மூச்சு வாங்க நகர்ந்து நகர்ந்து வந்தார். பதினொன்று முடிந்தது. உபதேசியார் தாம்பாளத்தை ஓரமாக நகர்த்திவிட்டுப் பேசினைக் கொண்டுவந்து வைத்தார். நான் நுனிக்காலில் எக்கினேன். ரோஜாப்பூ அசைந்தது.

அப்பா காலைத் தூக்கவில்லை.

"கால வைப்பா," என்றார் சாமியார்.

"அந்தத் தாம்பாளத்தக் கொண்டாரச் சொல்லுங்க சாமி."

அப்பா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கோயிலில் அப்போது அவ்வளவு அமைதி. உபதேசியார் குனிந்து, "ஏய், பூசை நேரம். வம்பு பண்ணாத," என்று பல்லைக் கடித்தார். சாமியார் மட்டும் தணிந்த குரலில், "வழக்கம்பா இது. நான் வர்றதுக்கு முன்னாடியே உள்ள வழக்கம்," என்றார்.

"இப்ப வாசிச்சீங்களே சாமி, அந்தச் சுவிசேஷத்துல எத்தன பேசின் இருக்கு?"

சாமியார் என்ன சொல்வார்? ஒன்றுதான் இருக்கிறது. நானும் பிற்பாடு எத்தனையோ தடவை படித்துப் பார்த்துவிட்டேன். ஒரே பாத்திரம், ஒரே துண்டு. காட்டிக்கொடுக்கப்போகிறவனுக்கு என்று ஒரு தனிப் பாத்திரத்தை எந்தச் சுவிசேஷக்காரரும் எழுதி வைக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

முதல் இடத்திலிருந்து பெரிய வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். "சாமி, அவனுக்கு இஷ்டமில்லைன்னா எழுந்து போகச் சொல்லுங்க. நாழியாகுது."

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அப்பா விஷயம் தெரியாமல் நல்ல பொருளை விட்டுவிடப் பார்க்கிறார் என்ற தவிப்பு எனக்கு. தொண்டை கிழியக் கத்தினேன்.

"அப்பா! அதுதாம்பா நல்லாருக்கு! பூப்போட்டது! அதுலயே கழுவிக்கப்பா!"

பீடத்துக்கு எதிரே இருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நெருப்பு மாதிரிப் பரவியது. பெரிய வீட்டுக்காரரின் தோள் குலுங்கியது. எங்கள் சிறகிலேயே இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள், பாவிகள். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு பாஸ்கு கழிந்தும் கன்றிக் கிடந்தது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று விழித்தேன். அப்பா கழுத்தைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். கோபம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போதும்.

அவர் திரும்பிச் சாமியாரிடம் பேசியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"என் மவளே என்னச் சிரிப்பா சிரிக்க வச்சுட்டா சாமி. இனிமே எனக்கு என்ன வெக்கம் இருக்கு? யூதாசுன்னு சொல்லுங்க, உக்காந்துக்கிறேன். கடைசியில போடுங்க, உக்காந்துக்கிறேன். ஆனா தாம்பாளம் வராம கால எடுக்க மாட்டேன். எழுந்தும் போக மாட்டேன். இது பெரிய வீட்டுக் களத்து மேடு இல்ல, ஆண்டவரு வீடு."

சிரிப்பு நின்றுபோனது. சாமியார் மண்டி போட்டபடியே இருந்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு எழுந்தார். பீடத்துக்குப் போய்ப் பூசையைத் தொடரப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் ஓரமாகப் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினார். உபதேசியார் ஓடிப்போய் வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. தண்ணீர் அலம்பி அங்கியெல்லாம் நனைய, தாமே கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு மறுபடி மண்டி போட்டார். அப்பா காலை நீட்டினார். சாமியார் கழுவினார், துடைத்தார். அந்த வெடிப்பு விழுந்த காலின்மேல் குனிந்து முத்தம் கொடுத்தார். வேப்பெண்ணெய் கசந்திருக்கும்.

பெரிய வீட்டுக்காரர் எழுந்து பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறினார். அவர் பின்னால் அவர் வீட்டுச் சனம், அதன் பின்னால் பெஞ்சிலிருந்து இன்னும் ஏழு அப்போஸ்தலர்கள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் சிந்திய தண்ணீரை மிதித்த ஈரக் காலடிகள் வாசல் வரைக்கும் போயின. நற்கருணை அப்பம் வாங்க நாங்கள் வரிசையில் போவதற்குள் அவை காய்ந்துவிட்டன.

இதனால் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்ஸ்பெக்டர் வந்தார், பெரிய வீட்டுக்காரர் அது என் களத்து மேடு என்று சொன்னார், அவரும் எழுதிக்கொண்டு போனார். ஒரு பேசினுக்காக எங்க மனையைக் கெடுத்தானே என்று தெருவில் பாதிப்பேர் அப்பா முகத்தில் விழிக்கவில்லை. அம்மா நாலு நாள் பேசவில்லை. குறுவை நடவுக்குப் பெரிய வீடு வெளியூர் ஆள் இறக்கியது, அம்மாவும் அத்தையும் வேலைக்கு மூன்று மைல் நடந்தார்கள். பட்டாவுக்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையில், நான் தேய்த்த அந்தக் குதிகால் இன்னும் எத்தனை வெடிப்பு கண்டதோ. ஆனால் ஒரு கூரையையும் எவனாலும் பிரிக்க முடியவில்லை. பெரிய வீட்டு ஆட்கள் பிரிக்க வந்த அன்று இருபத்தாறு வீட்டு ஜனமும் வாசலில் உட்கார்ந்துகொண்டது, பேசாமல் இருந்த பாதிப்பேரும் சேர்த்துத்தான். பட்டா வந்தபோது நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேசின் அடுத்த வருஷம் பெரிய வியாழனுக்கு வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. பெரிய வீட்டுக்காரர் மூன்று வருஷம் வீம்பாக இருந்து பார்த்தார். இராயப்பர் இடத்தில் எங்கள் தெரு ஆள் ஒருத்தர் உட்கார்ந்ததைக் கேள்விப்பட்டதும் நாலாம் வருஷம் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆண்டவருடைய இரக்கம் என்று நான் நம்புவது, மேலே இருப்பவன் பார்த்துக் கீழே ஊற்றுகிற தண்ணீரை அல்ல. பெரிய வீட்டுக்காரர் காலும் என் அப்பா காலும் ஒரே தாம்பாளத்தில் கிடந்ததே, அதைத்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் கோயில் பங்கில் சிலருக்குப் பிடிப்பதில்லை. பிடிக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

அந்த வியாழன் பூசை முடிந்து நாங்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடந்தோம். அம்மா முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். அத்தை மட்டும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். "பதினோரு பேரு அழுக்கு கெடந்த தண்ணியிலதாண்டா உன் கால் நனைஞ்சுது," என்று அப்பாவைச் சீண்டினாள். "இருக்கட்டும்க்கா, அவங்க அழுக்கோட நம்ம சேறும் போயி சேந்துச்சுல்ல," என்றார் அப்பா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார், வாங்கவில்லை. எனக்கு ஆறவேயில்லை.

"ஏம்பா அதுல கழுவிக்கல? அந்தப் பேசின் உனக்கு மட்டும்னு தனியா வச்சிருந்தாங்கப்பா!"

அப்பா நின்றார். குனிந்து என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். புதுத் துண்டு என் தொடையில் கிள்ளு விழுந்த இடத்தில் பட்டுச் சொரசொரத்தது.

"ஆமாம்மா," என்றார். "எனக்கு மட்டும்னு தனியா வச்சிருந்தாங்க. அதான் வேண்டாம்னேன்."

என் அப்பாவைப் போல விவரம் கெட்ட மனுஷன் இந்த ஊரிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்திலேயே அவர் தலைமேல் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிப்போனேன்.